செலவு குறைவது வேறு, ஆமி குறைவது வேறு

“ஐயா, இந்த அரசாங்கம் வந்தால் பாதுகாப்புச் செலவை வெட்டும் என்று நம்பித்தானே எங்கட ஆக்களும் வோட்டுப் போட்டவை? முதல் பாதீட்டிலேயே கூட்டிப்போட்டினம். அப்ப யாழ்ப்பாணத்தில் ஆமி குறையவே குறையாதா?” யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டது.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று கொழும்பில் திறைசேரியின் கணக்கு. மற்றது பலாலிப் பக்கத்தில் சனத்தின் காணிகளைச் சுற்றிப் படை போட்ட வேலி. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கணக்குகளோடு மாரடித்தவன் என்ற முறையில் முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். அதைச் சொன்னால் இரண்டாவதுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

2025 பெப்ரவரி 17 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதி அமைச்சராக நின்று வாசித்த முதலாவது பாதீட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா. அதாவது 44,200 கோடி. அதற்கு முந்திய வருடம் ஒதுக்கியது 420 பில்லியனைச் சற்றுத் தாண்டிய தொகை. ஆகவே கூட்டினார்கள் என்பது உண்மை. நான்கு, ஐந்து வீதம். சுகாதாரத்துக்கு 507 பில்லியன், கல்விக்கு 271 பில்லியன். “படிப்பை விட ஆமிக்குக் கூட” என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். ஒரு கணக்காளனாக அதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது: பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழே இருக்கின்றன, அந்த ஆசிரியர்களின் சம்பளம் மத்திய கல்வி அமைச்சின் கணக்கில் வராது. எங்களுக்குச் சார்பான கணக்கு என்பதற்காகப் பிழையான கணக்கைச் சொல்லக் கூடாது.

பாதுகாப்பு அமைச்சின் தொகையைப் பார்க்கும்போதும் அதே கவனம் வேண்டும். அந்த அமைச்சுக்குள் எது இருக்கிறது என்பது அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறும். 2010 க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையையே பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைத்திருந்தார்கள். இப்போது அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வளிமண்டலவியல் திணைக்களமும் அங்கேதான். உங்கள் போனுக்கு வருகிற புயல் எச்சரிக்கையும் பாதுகாப்புச் செலவுதான், பார்த்தீர்களா. பொலிஸ் இதற்குள் இல்லை, அது வேறு அமைச்சு. அதனால் இரண்டு வருடத்து மொத்தத் தொகைகளைப் பக்கத்தில் வைத்துக் கூடியது, குறைந்தது என்று சொல்வது அநேகமாக வெறும் கதை.

சரி, ஏன் வெட்டவில்லை? அந்த 442 பில்லியனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மீண்டெழும் செலவு: சம்பளம், படி, சாப்பாடு, உடுப்பு, எரிபொருள். கப்பலும் விமானமும் ஆயுதத் தளபாடமும் வாங்குகிற மூலதனச் செலவு மிச்சச் சின்னப் பங்குதான். அதிலும் அமெரிக்கா, இந்தியா, அவுஸ்திரேலியா என்று வெளியார் தருகிற கப்பலும் விமானமும் உண்டு. அதே பாதீட்டில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்துவதாகவும் சொன்னார்கள். ஆசிரியருக்கும் தாதியருக்கும் கூட்டினால் சிப்பாய்க்கும் கூட்டத்தான் வேண்டும். ஆள் தொகை அப்படியே இருக்க, ஆளுக்குச் சம்பளம் கூடினால் மொத்தம் எப்படிக் குறையும்? யார் ஆட்சிக்கு வந்திருந்தாலும் இந்த இடத்தில் இதே இலக்கத்துக்குக் கிட்டத்தான் வந்து நின்றிருப்பார்கள்.

ஆகவே செலவைக் குறைக்க ஒரேயொரு வழிதான்: தலைகளைக் குறைப்பது. அந்தத் திட்டம் இந்த அரசாங்கம் போட்டதல்ல. நாடு கடன் கட்ட முடியாமல் கையை விரித்த 2022 ஏப்ரலுக்குப் பிறகு, ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது, 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். தரைப்படையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி அப்போது 200,783. அதை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் ஒரு இலட்சமாகவும் இறக்குவது திட்டம். புதிய அரசாங்கம் அதை மறுக்கவில்லை. 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கும் அதுவேதான்: 2030 இல் தரைப்படை ஒரு இலட்சம், கடற்படை 40,000, விமானப்படை 18,000. ஒரு இலட்சம் என்றாலே சின்னப் படை என்று நினைத்துவிடாதீர்கள். பிரித்தானியாவின் நிரந்தரத் தரைப்படை 75,000 பேரைச் சுற்றித்தான் நிற்கிறது. எங்களிடம் இரண்டு கோடியே சொச்சம் சனம். தரை வழியாக எல்லை தொட்ட அயல்நாடு ஒன்றுகூட இல்லை.

இந்த 2030 எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? வட்டமான இலக்கம் என்பதற்காக வைத்த வருடம் இல்லை என்பது என் எண்ணம். இலங்கைப் படையில் சாதாரண சிப்பாய் 22 வருடச் சேவை முடித்தால் பென்சனோடு வெளியேறலாம். யுத்தத்தின் கடைசிக் கட்டத்துக்கு, 2006 இலிருந்து 2009 வரை, ஆள் சேர்த்ததுதான் பெரிய சேர்ப்பு. பத்தொன்பது வயதில் 2007 இல் சேர்ந்த பொடியன் 2029 இல் 22 வருடத்தை முடிப்பான், நாற்பத்தொரு வயதில். அவனோடு சேர்ந்த பட்டாளமே 2028 இலிருந்து 2031 வரைக்குள் தானாகக் கழன்றுவிடும். யாரையும் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை, சட்டம் போடத் தேவையில்லை, தென்னிலங்கையில் ஒரு பிக்குவும் சத்தியாக்கிரகம் இருக்கத் தேவையில்லை. புதிதாக எடுப்பதை மட்டுப்படுத்தினால் போதும். தொட்டிக்குக் கீழே ஓட்டை இருக்கிறது. மேலே பைப்பை எவ்வளவு திறந்து விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

இன்னொரு வழியிலும் ஆள் குறைகிறது, அது தப்பியோடியவர்கள். 2024 ஏப்ரல், மே மாதங்களில் பொது மன்னிப்புக் கொடுத்தபோது 15,000 க்கும் மேற்பட்டோர் சட்டப்படி விலகிக்கொண்டார்கள். படையில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாதவர்கள் இவர்கள். 2025 தொடக்கத்தில் துப்பாக்கிச் சூடுகள் கூடியதும், பாதாள உலகத்தோடு சேர்ந்த தப்பியோடிகளைப் பிடிக்கும்படி பாதுகாப்பு அமைச்சே உத்தரவு போட்டது. சுடப் பழகிய ஆளை வேலை இல்லாமல் வெளியே விட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. அவசரமாக வெட்ட அவர்கள் தயங்குவதற்கு இது நியாயமான காரணம், நான் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஒரு கடதாசியை எடுங்கள். மீண்டெழும் செலவை ஆட்களால் பிரித்தால், ஒரு படை ஆளுக்கு வருடத்துக்கு 15 இலட்சம் ரூபா அளவில் வரும் என்று வைத்துக்கொள்வோம். இது நான் போடும் மொட்டைக் கணக்கு. 135,000 இலிருந்து ஒரு இலட்சத்துக்கு இறங்கினால் 35,000 பேர். பெருக்கினால் 5,250 கோடி, அதாவது 52 பில்லியன் ரூபாவுக்குச் சற்று மேல். பெரிய காசுதான். ஆனால் 2025 பாதீட்டில் அரசாங்கம் கடனுக்குக் கட்டுகிற வட்டி மட்டும் 2,950 பில்லியன். 52 கிழமையால் பிரியுங்கள்: கிழமைக்கு 56 பில்லியனுக்கு மேல். ஐந்து வருடம் பாடுபட்டு 35,000 பேரைக் குறைத்தாலும் மிச்சம் பிடிப்பது நாட்டின் ஒரு கிழமைக் கடன் வட்டிக்குக்கூடக் காணாது.

அதுவும் முழுதாக மிச்சமாகாது. வெளியேறுகிற சிப்பாய்க்குப் பென்சன் போகும். அந்தப் பென்சன் பாதுகாப்பு அமைச்சின் கணக்கில் விழாது, ஓய்வூதியத் திணைக்களத்தின் கணக்கில் விழும். ஆக 2030 இல் ஒரு அமைச்சர் எழும்பி “பாதுகாப்புச் செலவைக் குறைத்துவிட்டோம்” என்று சொல்வார். பொய்யில்லை. ஆனால் ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து மற்றப் பைக்குள் வைத்த காசு அதில் நிறைய இருக்கும். நாற்பத்தொரு வயதில் பென்சன் எடுக்கிறவன் எத்தனை வருடம் எடுப்பான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சர்வதேச நாணய நிதியத்தை நம்பியும் சிலர் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தொடங்கிய கடன் திட்டத்தில் அவர்கள் கேட்பது, வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் வரவு, செலவை விட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதத்தால் கூட நிற்க வேண்டும் என்பது. அதைப் படையில் வெட்டி அடைந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான், வரியில் கூட்டி அடைந்தாலும் ஒன்றுதான்.

அரசியலைச் சொல்லாமல் விட்டால் பதில் நொண்டும். அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், மொனராகலை என்று போய்ப் பார்த்தால், வயலும் மழையும் ஏமாற்றுகிற கிராமங்களில் மாதம் மாதம் தவறாமல் வருகிற ஒரே சம்பளம் ஆமிச் சம்பளமாக இருக்கிற வீடுகள் ஏராளம். அந்த வீடுகளின் வோட்டுத்தான் இந்த அரசாங்கத்தைக் கொண்டுவந்தது. ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு ஓய்வுபெற்ற முப்படையினரின் அமைப்பு ஒன்றே தேர்தலுக்கு வேலை செய்தது. பாதுகாப்புப் பிரதி அமைச்சர் அருண ஜயசேகர ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். இன்னும் பின்னால் போனால், வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2006 இல் தீர்ப்பெடுத்ததும் அதன் தாய்க் கட்சியான ஜே.வி.பி. தான். மனிதர்கள் மாறமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றை அவர்களுக்குக் கொடுத்தபோது எங்கள் சனமும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் படையைத் தொடுகிற விடயத்தில் அவர்கள் கத்தியை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தது எங்கள் பிழை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தரைப்படை ஒரு இலட்சமாக இறங்கினால் யாழ்ப்பாணத்தில் அந்த விகிதத்தில் இறங்குமா? அப்படி எந்த விதியும் இல்லை. எந்த முகாமை மூடுவது, எதை வைத்திருப்பது என்பது தனி முடிவு. ஆள் குறைகிற படை சின்னச் சின்ன முகாம்களை மூடி, ஆட்களைப் பெரிய தளங்களுக்குள் கூட்டும். பலாலி பெரிய தளம். விமான ஓடுபாதையும் காங்கேசன்துறைத் துறைமுகமும் பக்கத்தில். ஆகவே சந்திகளில் நிற்கிற ஆமி குறைந்து, வேலிக்குள் இருக்கிற ஆமி நிரந்தரமாகிப் போகவும் கூடும். இதை யோசிக்காமல் “ஆள் குறைப்பு” என்ற சொல்லைக் கேட்டவுடன் சந்தோசப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை.

யாழ்ப்பாணம் படைக்காகக் கொடுக்கிற விலை அந்த 442 பில்லியனுக்குள் இல்லவே இல்லை. எங்கள் அரசாங்கக் கணக்கு காசுக் கணக்கு. காசு கைமாறினால்தான் செலவு என்று பதிவாகும். வேலிக்குள் கிடக்கிற செம்பாட்டுத் தோட்டக் காணி, அதில் முப்பத்தைந்து வருடமாக விளையாத வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, தூர்ந்துபோன கிணறு, இறக்காத வள்ளம், இவை ஒன்றும் எந்தச் செலவினத் தலைப்பிலும் விழாது. 1990 ஜூனில், யுத்தத்தால், பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது. 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போகிறோம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிக்காரர்கள் காணி உறுதிகளோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 க்குப் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், 27 வருடத்துக்குப் பிறகு, கைக்கு வந்தது. இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் உள்ளேதான். திறைசேரியைப் பொறுத்தவரை அந்தக் காணி சும்மா கிடைக்கிற சாமான். சும்மா கிடைக்கிறதைத் திருப்பிக் கொடு என்று எந்தக் கணக்காளனும் நெருக்க மாட்டான். ஏக்கருக்கு மாத வாடகை கட்டு என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், ஊர்வலம் போன சனத்தை விட முதலில் திறைசேரிச் செயலாளர் கத்தியிருப்பார்.

படை நடத்துகிற தொழில்களின் கதையும் இப்படித்தான். காங்கேசன்துறையில் தரைப்படையின் தல்செவன விடுதி, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற கோட்டையில் கடற்படையின் விடுதி, பலாலிப் பக்கத் தோட்டங்கள், ஏ9 வீதியோரத் தேநீர்க் கடைகள். அங்கே பிளேன்ரீ குடிக்காத ஆள் யார், நானும் குடித்திருக்கிறேன், விலை குறைவு. விலை குறைவதற்குக் காரணம் ஆள் கூலி வேறு இடத்தில் கணக்கெழுதப்படுவது. பக்கத்தில் வட்டி கட்டிக் கடை நடத்துகிறவனால் அந்த விலைக்குக் கொடுக்க முடியுமா?

இதெல்லாம் சொன்ன பிறகு, மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவேன். வன்னியில், பாதுகாப்பு அமைச்சின் கீழே இயங்குகிற சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் சீவிக்கின்றன. பண்ணையில் வேலை செய்கிறவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், முன்னாள் போராளிகள். 2018 இல் விசுவமடுவில் அந்தத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த இராணுவ அதிகாரி மாற்றலாகிப் போனபோது சனம் அவரைத் தோளில் தூக்கி அழுதது. அதைப் பார்த்து இங்கே பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்தது கோபமில்லை. வேறு யாரும் வேலை கொடுக்காத இடத்தில், கொடுத்தவனுக்காக அழுதார்கள். பாதுகாப்புச் செலவை நாளைக்கே வெட்டினால் முதலில் கத்தி விழுவது அந்தச் சம்பளத்திலாகவும் இருக்கலாம். அதை வேறு அமைச்சின் கீழே மாற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

அடுத்தது கடல். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, குருநகர், நெடுந்தீவு எங்கே கேட்டாலும் எங்கள் கடற்றொழிலாளர் சொல்வது ஒன்றுதான்: இந்திய றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், வந்து வலையை அள்ளிக்கொண்டு போகின்றன, நேவி வந்து பிடிக்க வேண்டும். 2024 இல் மட்டும் 500 க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கடற்படை கைதுசெய்தது. அந்த ஜூனில் ஒரு றோலரைப் பிடிக்கப் போன கடற்படைச் சிப்பாய் ஒருவர் செத்தும் போனார். தரைப்படையைக் குறைத்துக் கடலுக்குக் கொஞ்சம் கூட்டுவதில் எங்களுக்கு நட்டமில்லை. 2030 கணக்கில் தரைப்படைக்கே பெரிய இறக்கம் என்பது அந்த வகையில் சரியான திசை.

ஒரு பழைய நிகழ்வோடு இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பாதுகாப்புச் செலவைக் கூட்டிய அதே 2025 இல், ஏப்ரல் 10 ஆம் திகதி, வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகிற வீதியை 35 வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள். திறந்தபோது போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள்: காலை 6 மணிக்குத் திறந்து பின்னேரம் 5 மணிக்குப் பூட்டு, இடையில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது. சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். ஆனாலும் வீதி வீதிதான், பஸ் போனது. அதற்குப் பாதீட்டில் ஒரு சதம் வெட்டத் தேவைப்படவில்லை. செலவு கூடிய வருடத்தில் வீதி திறந்தது. செலவு குறைகிற வருடத்தில் ஒரு வேலியும் அசையாமல் இருக்கவும் முடியும்.

ஆகவே தம்பி, அடுத்த பாதீட்டு நாளில் ரீவி முன்னால் இருந்து மொத்தத் தொகை கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. பாதீட்டு மதிப்பீட்டுப் புத்தகம் தமிழிலும் வருகிறது, தரவிறக்கிக்கொள்ளுங்கள். தலைப்பு 222 தரைப்படை, 223 கடற்படை, 224 விமானப்படை, 320 சிவில் பாதுகாப்புத் திணைக்களம். 222 ஐப் பார்க்கும்போது 253 ஐயும் பாருங்கள், அது ஓய்வூதியத் திணைக்களம்; இரண்டையும் கூட்டினால்தான் உண்மையான இறக்கம் தெரியும். புதிதாக எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லி, நீங்கள் வோட்டுப் போட்ட அந்த மூன்று பேரிடமும் போய்ச் சொல்லுங்கள்; அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டு கேட்க அவர்களால் முடியும். காணிக்கு வேறு புத்தகம். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் கிராம சேவகர் பிரிவு வாரியாக விட்ட காணி, விடாத காணி விவரம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும், முத்திரையும் தேவையில்லை. எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், பின்னேரத்தில் நான் வீட்டில்தான் இருப்பேன்.